எபிரேயத்தில் பச்சை குத்துமுன்

அகத்தி இலையையும் மஞ்சளையும் சேர்த்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, எரித்துச் சேர்த்த கரிதான் தமிழகத்தில் ஒரு காலத்தில் பச்சை குத்தும் மை. மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்று குறத்தியர் குத்தியது பெரும்பாலும் கோலமும் பெயரும்தான்.

இன்று இளைஞர்களில் சிலருக்கு எபிரேய எழுத்தின் மேல் ஆசை. முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் இடக்கையிலும் எபிரேய வரி உண்டு.

ஆசை நல்லதுதான், ஆனால் எழுத்தில் கவனம் வேண்டும். எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். சில கணினி மென்பொருள்கள் எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கிவிடும். அதை அப்படியே குத்திக்கொண்டவர்கள் உண்டு. 22 எழுத்துகளில் ஐந்து, சொல்லின் இறுதியில் வேறு வடிவம் எடுக்கும். 'தாலெத்', 'ரேஷ்' இரண்டுக்கும் ஒரு மூலைதான் வித்தியாசம். மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஊசியைத் தொடவிடக் கூடாது.

இன்னொன்று: எபிரேய வேதமே, லேவியராகமம் 19:28இல், உடலில் பச்சை குத்துவதைத் தடுக்கிறது. பக்தியால் குத்த நினைப்பவர்கள் இதை அறிந்தே முடிவெடுக்கட்டும்.

ஊசி புதியதா என்று கேளுங்கள். பழைய ஊசியால் மஞ்சள்காமாலை பி, எச்.ஐ.வி. தொற்றலாம். பச்சை குத்தியவர் 12 மாதங்களுக்கு ரத்ததானம் செய்ய முடியாது.