பேனாவுக்குள் கறுப்பு இல்லை!

ராகு-கேது பரிகாரம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். காளஹஸ்தியில், பொன்முகலி ஆற்றங்கரை ஊரில், துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிப் பட்டறை ஒன்றுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். மூக்கை மட்டும் பொத்திக்கொள்ளுங்கள்! எருமைப்பாலில் ஊறிக் காய்ந்த துணியின் வாடை அப்படி.

பாலில் கடுக்காய்ப் பொடியைக் கரைத்து, அதில் காடாத் துணியை ஊறவைக்கிறார்கள். காய்ந்தால் வெளிறிய மஞ்சள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. வேடிக்கையே இனிமேல்தான்!

மூலையில் ஒரு பானை. உள்ளே துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரும், வாரக்கணக்கில் புளித்துக்கொண்டிருக்கின்றன. வரையும் பேனாவான கலம் என்பது கூர் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறார்கள். பானைச்சாற்றில் தோய்த்து, அந்தத் துணிப்பொதியை விரலால் அழுத்தினால் சாறு நுனிக்கு இறங்குகிறது. குச்சியில் இருக்கும்வரை அது மங்கிய பழுப்புத் தண்ணீர். துணியைத் தொட்டதும் கோடு கறுக்கிறது, கண்ணெதிரே! ராமனுக்குப் புருவம் முளைக்கிறது, வில் வளைகிறது. கடுக்காயின் டானினும் இரும்பும் நூலிழையிலேயே சேர்ந்து கறுப்பை உண்டாக்குகின்றன. கோடு கசிந்து பரவாமல் காப்பது பாலின் கொழுப்பு. நாற்றத்தை மன்னித்துவிடலாம்!

சிவப்பு இன்னும் கில்லாடி. படிகாரக் கரைசலைத் தடவும்போது ஏறக்குறைய நிறமே தெரியாது. பிறகு அலசி, மஞ்சிட்டி போன்ற வேர்ச்சாயம் கொதிக்கும் அண்டாவில் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச்செவேலென்று கிளம்புகிறது! மஞ்சளும் அவுரி நீலமும் ஏறும் முன் மறுபடி பால்முழுக்கு. ஐயோ, மூக்கே!

இந்தக் கூத்தில் கதாநாயகன் கடுக்காய்தான். திரிபலா சூரணத்தில் வயிற்றைக் கவனிக்கிற அதே ஆசாமி! நிறத்தைப் பிடித்துவைப்பதோடு விடுவதில்லை. டானின் ஏறிய பருத்தி புற ஊதாக் கதிர்களைக் கூடுதலாகத் தடுக்கிறது. சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் குறைக்கிறது. துவைக்கத் துவைக்க இந்தக் குணம் தேயும். ஆகவே, ‘உடுத்தினாலே நோய் தீரும்’ என்று யாராவது விற்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

வாங்குமுன் கையால் எழுதியதா, இயந்திரத்தில் அச்சடித்ததா என்று கேளுங்கள். இரண்டும் கலம்காரி என்றே விற்கப்படுகின்றன. முதல் சில தடவை தனியாக, மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் கூடவே கூடாது!