தீவிற் பிறந்த மருந்து

பிணிகளுக்கு முன்னோர் இட்ட பெயர்களை ஆராய்தல் தமிழாசிரியனாகிய எனக்கு இன்பந் தரும் பணியாகும். நீரிழிவு என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். இழிதல் என்பது இறங்கியோடுதல். அருவி மலையினின்று இழிகின்றது என்கிறோம். உடலினின்று நீர் ஓயாது இறங்கியோடும் நோய் நீரிழிவாயிற்று. நம்மவர் சலரோகம் என வழங்குவதும் இதனையே. டயபிற்றீஸ் என்னும் கிரேக்கப் பெயருக்கும் ஊடுருவிச் செல்லுதல் என்பதே கருத்து. மதுமேகம் என்னும் வடசொல்லோ அந்நீரின் இனிமையைச் சுட்டுவது. இப்பெயர்கள் யாவும் நோயின் புறக்குறிகளைக் காட்டுவன. காரணத்தைக் கூறுவன அல்ல. நோயின் பிறப்பிடத்தைச் சுட்டுஞ் சொல் மருந்தின் பெயரிலேதான் அமைந்தது. இன்சுலின் என்னும் அப்பெயர், தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது.

உடலினுள்ளே தீவு எவ்வாறு வந்தது? 1869 இல் பேர்லின் நகரில் மருத்துவம் பயின்ற லங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர், கணையம் எனவும் சதையி எனவும் கூறப்படும் உறுப்பை நுணுக்குக்காட்டியினால் நோக்கினார். செரிமான நீரைச் சுரக்குங் கலங்களின் நடுவே, வேறுவகைக் கலங்கள் சிறு சிறு கூட்டங்களாகக் கிடத்தலைக் கண்டார். கடலிடையே தீவுகள் கிடத்தல்போல அவை கிடந்தன. அவற்றின் தொழில் யாதென அவர் அறிந்திலர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1889 இல் ஸ்ற்றாஸ்பூர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர், நாயொன்றின் சதையியைச் சத்திரசிகிச்சையினால் முற்றாக அகற்றினர். அந்நாய் அடிக்கடி நீர் கழித்தது. மின்கோவ்ஸ்கி அந்நீரைச் சோதித்தார். அதில் வெல்லம் மிகுந்திருந்தது. கத்தி காட்டிய குறிக்கு ஆய்வுகூடம் பொருளுரைத்தது. சதையி இல்லையேல் நீரிழிவு உண்டாம் என்பது தெளிவாயிற்று.

காரணம் புலப்பட்டும் மருந்து கைகூட மேலும் 33 ஆண்டுகள் சென்றன. சதையியின் சாற்றை மருந்தாக்கப் பலரும் முயன்று தோற்றனர். அக்காலத்தில் இந்நோயுற்ற சிறாருக்கு வைத்தியர் செய்யத்தக்கது உணவைக் குறைப்பதொன்றே. பட்டினி அவர்களுடைய வாழ்நாளைச் சிறிது நீட்டியது. ஆயின் அவர்கள் எலும்புந் தோலுமாகி மெலிந்து கிடந்தனர். பிணியால் இறப்பதா, பசியால் மெலிவதா என்பதே அன்று பெற்றோர்முன் நின்ற வினா.

இந்நிலையில், கனடாவிலுள்ள லண்டன் என்னும் நகரில், நோயாளர் மிகுதியாக வாராத இளஞ் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரெடரிக் பான்ரிங். 1920 ஒக்ரோபர் இறுதியில் ஓரிரவு, சதையி பற்றிய கட்டுரையொன்றைப் படித்த அவருக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து ஒரு குறிப்பெழுதினார். சதையியின் நாளத்தைக் கட்டிவிட்டாற் செரிமானக் கலங்கள் நலிந்தழியும், தீவுகள் எஞ்சும், அவற்றின் சாற்றைச் செரிமான நீர் சிதைக்காது என்பது அவர் கருத்து.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியற் பேராசிரியர் மக்லியொட் இக்கருத்தை ஐயுற்றார். எனினும் ஆய்வுகூடத்தில் இடமும், சோதனைக்கு நாய்களும், சார்ள்ஸ் பெஸ்ற் என்னும் இளைஞரின் துணையும் அளித்தார். 1921 மே மாதத்தில் ஆய்வு தொடங்கியது. நாய்கள் பல இறந்தன. ஆயினும் அக்கோடையிலேயே, சதையி நீக்கப்பெற்ற நாயின் குருதியில் வெல்லத்தைக் குறைக்குஞ் சாறு கிடைத்தது.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். நாளத்தைக் கட்டுதல் வேண்டுவதேயன்று எனப் பின்னர்த் தெரிந்தது. புரதத்தைச் சிதைக்கும் நொதியம் சதையியினுள்ளே செயலற்றுக் கிடப்பது. குடலையடைந்த பின்னரே வலிமை பெறுவது. மாட்டின் சதையியிலிருந்து அற்ககோலைக் கொண்டே சாற்றைப் பிரித்தெடுக்கலாம் என்பதை அவர்கள் கண்டனர். தொடங்கிய கருத்துப் பிழையாயினும், அதனைச் சோதித்துப் பார்த்த உழைப்பு மெய்யான வழியைத் திறந்துவிட்டது.

1922 சனவரி 11 ஆம் நாள், ரொறன்ரோப் பொது மருத்துவமனையில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசிவழி ஏற்றப்பட்டது. அவன் நிறை 65 இறாத்தலே. பயன் சிறிதே விளைந்தது. ஊசி ஏற்றிய இடத்திற் கட்டியொன்று தோன்றியது. மருந்தை நிறுத்தினர். சாற்றிற் கலந்திருந்த மாசே இடர் செய்தது. உயிர் இரசாயன அறிஞரான ஜேம்ஸ் கொலிப் அதனைத் தூய்மையாக்க முனைந்தார். பன்னிரண்டு நாட்கள் கழித்து, 23 ஆம் நாள், தூய சாறு ஏற்றப்பட்டது. சிறுவனின் குருதியில் வெல்லம் இயல்பு நிலையை அணுகியது. அவன் 1935 வரை வாழ்ந்தான்.

இன்சுலின் நோயை வேரறுப்பதன்று, இடைவிடாது ஏற்றவேண்டுவது. ஆயினும் சாவைக் காத்துக் கிடந்த சிறாரை அது பள்ளிக்கு அனுப்பியது. பான்ரிங்கும் பெஸ்றும் கொலிப்பும் அதன் உரிமையை ஆளுக்கொரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர்.

இத்தகையோரிடையும் பூசல் எழுந்தது. 1923 ஆம் ஆண்டு நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது. பெஸ்ற் விடுபட்டமை கண்டு சினந்த பான்ரிங் தம் பணத்திற் பாதியை அவருக்கு ஈந்தார். மக்லியொட் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்கு ஈந்தார். புகழைப் பங்கிடுவதில் மாறுபட்ட அவர்கள், பொருளைப் பங்கிடுவதில் நீதி வழுவிலர்.

இதனை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இன்சுலினைக் கண்டவர் யார் என வினவி, பான்ரிங் என்னும் ஒரு பெயரோடு அமைதி கொள்ளற்க. சத்திரசிகிச்சை வைத்தியர் கத்தியெடுத்தார். உடற்றொழிலியலார் இடமும் நெறியும் அளித்தார். இளைஞர் குருதியை அளந்தார். இரசாயன அறிஞர் மாசகற்றினார். இவருள் ஒருவர் இலராயினும் அச்சிறுவன் பிழைத்திருப்பது அரிது. இவர்க்கு முன்னே லங்கர்ஹான்ஸும் மின்கோவ்ஸ்கியும் வழியமைத்தனர். ஒரு பெயரையே கேட்டு வளரும் மாணவன், தன் ஐயத்தை அயலானிடங் கேட்பதையும் இழுக்கெனக் கருதுவான்.

கண்டவர் என்னுஞ் சொல்லின் அர் ஈறு, இலக்கண மரபிற் பலர்பாலுக்கு உரியது. மதிப்புக் கருதி இக்காலத்தில் அதனை ஒருவர்க்கே வழங்குகிறோம். இன்சுலினைக் கண்டவர் எனக் கூறும்போதாவது அச்சொல் தன் பழைய பன்மைப் பொருளிலேயே நிற்பதாகுக.