உப்புக்காத்தும் ஆயில் சம்ப்பும்
எங்க காரைக்கால்ல கடல் காத்துலயே உப்பு இருக்கு. அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பெயின்ட் உரிஞ்ச இரும்பு சீக்கிரம் துருப்பிடிச்சிடும். என் பழைய கார்ல இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் சம்ப் அப்படித்தான் பொத்தலாச்சு. வீட்லயே மாத்தினேன்.

முதல்ல உயிர் முக்கியம்: ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு வேணும். இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கும்போது ஆயிலை வடிச்சிட்டு, சம்ப்பைக் கழட்டி, பழைய கேஸ்கெட்டைச் சுத்தமா சுரண்டணும். புதுசை மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. ஒரேயடியா இறுக்கினா தகடு வளைஞ்சு மறுபடி ஒழுகும்.

ஓட்டும்போது சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா, ஓரமா நிறுத்தி உடனே இன்ஜினை அணைங்க. ஆயில் இல்லாம ஓடினா பேரிங் போயிடும். அப்புறம் செலவு சம்ப்போட நிக்காது. வடிச்ச ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க, ஒர்க்‌ஷாப்ல கொடுங்க.