மனச்சோர்வு மருந்தை மாற்றுங்கால்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பிக்காத தமிழாசிரியர் அரியர். பெயர் மருந்தாயினும் அதில் உணவைப் பற்றிய பேச்சே மிகுதி. முன்னர் உட்கொண்டது நன்கு செரித்ததை உணர்ந்த பின்னரே அடுத்ததை உட்கொள்ள வேண்டும் என்பது வள்ளுவர் அங்கே பலபடியாக வற்புறுத்தும் கருத்து. உணவுக்குச் சொன்ன இவ்விதி, மனச்சோர்வு நோய்க்கு ஒரு மாத்திரையை விட்டு வேறொன்றுக்கு மாறுவோர்க்கு எவ்வளவு பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

இந்நோய்க்கு மாத்திரைகள் தோன்றியது 1950களில். காசநோய்க்கென 1952இல் நியூயார்க்கில் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட், நோயாளரின் உள்ளத்தையும் தூக்கி நிறுத்தியது. 1957இல் சுவிட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் கூன் இமிப்பிரமினின் பயனை வெளியிட்டார். இன்று மலேசியாவில் வழங்கும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்செட்டின் முதலியவை இவற்றுக்குப் பிற்பட்டவை.

முதல் மருந்தே எல்லார்க்கும் ஒத்து வருவதில்லை. அமெரிக்காவில் ஜான் ரஷ், இந்தியாவிற் பிறந்த மதுகர் திரிவேதி முதலியோர் நடத்திய ஸ்டார்-டி என்னும் பேராய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதல் மருந்தில் நோய் முற்றும் தணிந்தவர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. அது பயன்படாமல் வேறு மருந்துக்கு மாறியவர்களில் நால்வரில் ஒருவர் அளவில் தேறினர். மாற்றிக் கொடுத்த மூன்று மருந்துகளில் எதுவும் மற்றதை வென்றதாகத் தெரியவில்லை. ஆகவே, மருந்தை மாற்ற நேர்வதால் முதலில் பார்த்த டாக்டர் தவறினார் என்று கொள்ளற்க. தக்க அளவில் நான்கு முதல் ஆறு வாரம் உண்டும் பயன் காணாதபோதும், பக்க விளைவுகள் தாங்கவொண்ணாதபோதும் மாற்றுவதே முறை. பத்து நாளில் பொறுமையிழந்து தாமே நிறுத்திவிடுவோர்தாம் பலர்!

நிறுத்துவதிலும் ஒரு தொல்லை உண்டு. வென்லாஃபாக்சின் போன்றவை ஓரிரு நாளில் உடலைவிட்டு நீங்குவன. திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், தூக்கத்தில் கலக்கமான கனவு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு ஆகியவை தோன்றும். வீட்டார் இதனைப் பழைய நோய் திரும்பியதாக எண்ணி அஞ்சுவர். மருந்தை விட்ட சில நாளிலேயே உடற்குறிகளோடு தொடங்குவது பெரும்பாலும் மருந்து விட்டதன் விளைவு. நோயோ பையப் பையத் திரும்புவது. ஆதலின் டாக்டர்கள் பல வேளைகளில் பழையதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். இங்கே வள்ளுவர் விதி நெகிழ்கிறது; இரண்டும் சில நாள் வயிற்றில் உடனுறையும்.

அவ்விதி எழுத்துக்கு எழுத்து நிற்குமிடம் ஒன்றுண்டு. இப்ரோனியாசிட்டின் வழிவந்த ஃபெனல்சின் போன்ற மருந்துகள் உடலிலுள்ள ஒரு நொதியை மீளாதபடி முடக்குவன. மாத்திரையை விட்டாலும், உடல் அந்நொதியைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும் வரை அடுத்ததைத் தொடலாகாது. அதற்கு 14 நாள் இடைவெளி வேண்டும். ஃபுளுவாக்செட்டினிலிருந்து இவ்வகைக்கு மாறுவதாயின் 5 வாரம், ஏனெனில் அதன் எச்சம் உடலில் அத்துணைக் காலம் தங்கும். உணவிலும் கட்டுப்பாடு உண்டு. பாலாடைக் கட்டி தின்றவர்க்கு இரத்த அழுத்தம் ஏறியதை 1963இல் லண்டன் டாக்டர் பாரி பிளாக்வெல் எடுத்துக் காட்டினார். நம்மூர்ச் சமையலில் பிளாச்சான், சோயா கிச்சாப்பு, புளிக்கவைத்த சோயா ஆகியவை அந்த வரிசையிற் சேரும். மருந்தை விட்ட பின்னும் இரு வாரம் இவை ஆகா. இவ்வகை மருந்து இன்று அரிதே. எனினும் இதனை அறியாமல் நேர்ந்த கேடு சிறிதன்று. 1984இல் நியூயார்க்கில் ஃபெனல்சின் உண்டுவந்த 18 வயது லிபி சயன் என்னும் பெண்ணுக்கு மருத்துவமனையில் பெத்திடின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். இவ்விரண்டும் கலந்ததே காரணம் என்று பெரிதும் கருதப்பட்டது.

ஜார்ஜ் டவுனில் அரசாங்க மருத்துவமனைக்கும் போவோம், தனியார் கிளினிக்குக்கும் போவோம், சீன மருந்துக் கடையையும் விடோம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வீட்டிலிருக்க, இரண்டையும் உண்பாரும் உளர். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையும் இம்மாத்திரைகளோடு மோதக் கூடியவை. பழைய உறைகளையும் புட்டிகளையும் ஒரு பையிற் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது எளிய வழி.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் வள்ளுவர் வைத்தது ஊன்றி நோக்கத்தக்கது. மாற்றம் நிகழும் வாரங்களில் அந்த நான்காமவருக்கே வேலை மிகுதி. நோயாளி இளையவராயின் புதிய மருந்தின் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மிகக்கூடும். அத்தகைய பேச்சோ, புதிய பதற்றமோ தென்பட்டால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டமையால், போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டிய நிலையும் இன்று இல்லை. கை நடுக்கம், மிகுந்த வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு, மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்து வருமாயின், மறுநாள் கிளினிக் திறக்கும் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாத்திரைகளோடு அழைத்துச் செல்க.