எல்ஜிஏ 775

எல்ஜிஏ 775 என்பது இன்டெல் நிறுவனம் 2004 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேசைக் கணினிகளுக்காக அறிமுகப்படுத்திய நுண்செயலிச் சாக்கெட் ஆகும். இது சாக்கெட் டி எனவும் அழைக்கப்படும். தாய்ப்பலகையில் செயலி பொருத்தப்படும் இடமே சாக்கெட் ஆகும். பழைய கணினியில் செயலியை மட்டும் மாற்றிப் பயன்படுத்துவது எதுவரை பயனளிக்கும் என்பதை விளங்கிக்கொள்ள இச்சாக்கெட் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அமைப்பு

இதற்கு முந்தைய சாக்கெட் 478 இல் ஊசிகள் செயலியின் அடிப்பகுதியில் இருந்தன. எல்ஜிஏ 775 இல் 775 நுண்ணிய ஊசிகள் சாக்கெட்டிலேயே அமைந்துள்ளன. செயலியின் அடிப்பகுதியில் தட்டையான தொடுபரப்புகள் மட்டுமே உண்டு. எனவே செயலியை மாற்றும்போது கவனக்குறைவால் ஊசி வளைந்தால் பழுதாவது தாய்ப்பலகையே.

செயலிகள்

முதலில் பென்டியம் 4, செலரான் டி ஆகியனவும், 2005 இல் இரு கருக்களைக் கொண்ட பென்டியம் டி செயலியும் வெளிவந்தன. 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வெளியானது. நான்கு கருக்களைக் கொண்ட கோர் 2 குவாட் கியூ6600 2007 ஜனவரியில் வந்தது.

3.8 கிகாஹெர்ட்சு பென்டியம் 4 செயலியின் வெப்ப வடிவமைப்பு அளவு 115 வாட்டு, 2.4 கிகாஹெர்ட்சு கோர் 2 டுவோ ஈ6600 இன் அளவு 65 வாட்டு. கடிகார வேகம் குறைவாக இருந்தும், ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலையைச் செய்வதால் பின்னையதே விரைவானது. ஒரே சாக்கெட்டுக்குள் இத்தகைய பாய்ச்சல் நிகழ்வது அரிது.

பொருத்தப்பாடு

சாக்கெட் ஒன்றாக இருப்பதால் எல்லாச் செயலிகளும் எல்லாத் தாய்ப்பலகைகளிலும் இயங்கும் எனக் கொள்ளலாகாது. பின்வரும் மூன்றும் பொருந்த வேண்டும்.

சிப்செட்: 2004 இல் வந்த 915 சிப்செட் கோர் 2 செயலிகளை ஏற்பதில்லை. 2007 இல் வந்த பி35, 45 நானோமீட்டர் செயலிகளையும் 1333 மெகாஹெர்ட்சு முன்பக்கப் பாட்டையையும் ஏற்கும்.

மின்னழுத்தச் சீராக்கி: கோர் 2 செயலிகளுக்குத் தேவையான குறைந்த மின்னழுத்தத்தைப் பல பழைய பலகைகளால் வழங்க இயலாது.

பயோஸ்: புதிய செயலியை அடையாளங்காணப் பயோஸ் மென்பொருள் இற்றைப்படுத்தப்பட வேண்டும். பழைய செயலி கழற்றப்படும் முன்னரே இதைச் செய்தல் வேண்டும்.

இதனால் 2004 இல் 915 பலகை வாங்கியவர், சாக்கெட் மாறாதபோதும், கோர் 2 செயலிக்காகப் பலகையையும் மாற்ற நேர்ந்தது.

மேம்படுத்தலின் எல்லை

எல்ஜிஏ 775 இல் நினைவகக் கட்டுப்படுத்தி செயலியில் இல்லை, சிப்செட்டில் உள்ளது. ஆகவே டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 என மூன்று தலைமுறை நினைவகங்கள் வந்தபோதும், பலகைதான் மாறியது, சாக்கெட் மாறவில்லை. 2008 நவம்பரில் வெளியான கோர் ஐ7 இல் இக்கட்டுப்படுத்தி செயலிக்குள் சென்றது. நினைவகத்துடன் நேரடியாக இணையக் கூடுதல் தொடுபுள்ளிகள் தேவைப்பட்டமையால், எல்ஜிஏ 1366 என்ற புதிய சாக்கெட் உருவானது.

ஒற்றைக் கரு பென்டியம் 4 இலிருந்து கோர் 2 குவாட்டுக்கு மாறுவது பெரும் பயன் தரும். கோர் 2 டுவோவிலிருந்து சற்றே விரைவான மற்றொரு கோர் 2 டுவோவுக்கு மாறுவதால் பயன் சிறிதே. அத்தொகையில் நினைவகத்தைக் கூட்டுவதோ, வன்தட்டுக்குப் பதில் திண்மநிலை வட்டைப் பொருத்துவதோ மேலானது. எனினும் 945 சிப்செட் பலகைகளின் நினைவக எல்லை 4 கிகாபைட்டு, பி35 பலகைகளின் எல்லை 8 கிகாபைட்டு என்பதை மறத்தலாகாது.

இறுதி எல்லையை வகுப்பது மென்பொருளே. கோர் 2 செயலிகளில் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் இல்லை. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்புக்கு இவை இன்றியமையாதவை. எனவே அது இச்சாக்கெட்டின் எந்தச் செயலியிலும் இயங்காது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களைக் கொண்டு, எழுத்துப் பணிக்கும் நிரலாக்கம் பயில்வதற்கும் இக்கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு, இருக்கும் கோர் 2 செயலியே போதும். புதிதாகச் செலவிட வேண்டியதில்லை.