செருப்புப் போட அரசாணை

கல்வெட்டு என்றதும் போரும் தானமும்தான் நினைவுக்கு வரும். கரூர் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள ஒன்று வேறு ரகம். வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது கல்தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞர்களுக்கு, அரசர் விடுத்த ஆணை அது. 15-ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல், அவர்கள் தங்கள் நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது செருப்புப் போடலாம். வீட்டுக்குச் சாந்து பூசலாம்!

அதுவரை? கோயிலுக்குக் கல் செதுக்கியவர்கள் இனத்துக்கே தம் வீட்டுச் சுவரைப் பூசிக்கொள்ள உரிமை இல்லை.

ஆணையிட்டவர் 'கோனேரின்மைகொண்டான்'. ஆனால் அது பட்டம். சோழர், பாண்டியர், கொங்குச் சோழர் எனப் பலரும் சூடியது. எந்த அரசர் என்று சொல்ல எழுத்தமைதியையும் அக்கம்பக்கத்துக் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். முழு வாசகமும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இருக்கிறது.