காப்பீட்டு அட்டை கருவியைத் தரும்... பேச்சைத் தருவது எது?

பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர் மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைச் சத்தம் ஓயாத அந்த ஊரில், எந்தச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்காத குழந்தை பிறந்தால் என்ன செய்வது? பல லட்சம் ரூபாய் செலவாகும் 'காக்ளியர் இம்ப்ளான்ட்' சிகிச்சையை மூட்டை தூக்கும் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதைச் சாத்தியமாக்கியது அரசுக் காப்பீடு.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரி முதல் அந்த இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். தகுதியுள்ள, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் சிகிச்சையும் உண்டு.

ஆனால், ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. காயம் ஆறி, சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அது அனுப்பும் மின்தூண்டல்களை 'அம்மா' என்ற சொல்லாகப் புரிந்துகொள்ள, மூளைக்குப் பழக்கம் வேண்டும். அதற்கு ஆடியாலஜிஸ்ட் அவ்வப்போது கருவியின் அளவைத் திருத்த வேண்டும். கேட்கவும் பேசவும் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும். இவை தடைப்பட்டால் கருவி இருக்கும், பேச்சு வராது.

தடைப்படக் காரணங்களும் உண்டு. மண்ணச்சநல்லூரிலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பயிற்சிக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். வசதியான நேரம், மாறாத பயிற்சியாளர், வீட்டிலேயே பழக்கத் தாய்க்குச் சொல்லித்தருவது... தரமான சிகிச்சை என்பது இவையெல்லாம் சேர்ந்ததுதான்.

காலமும் முக்கியம். 1 மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதுதான் மருத்துவ உலகம் சொல்லும் கணக்கு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதிக்கின்றன. மேல்சிகிச்சைக்கும் வழிகாட்டுகின்றன.

எத்தனை ஆபரேஷன்கள் நடந்தன என்பது பாதிக் கணக்கு. அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் 'உள்ளேன் டீச்சர்' என்கிறார்கள் என்பதே முழுக் கணக்கு.

எனவே, மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்முன் பெற்றோர் 3 கேள்விகள் கேட்கலாம். பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? கருவி பழுதானால் யாரிடம் போவது? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? சந்தேகமிருந்தால் 104-ஐ அழைக்கலாம்.